நாக்கில்லாத மணி
அரச தானங்களை மறுவாசித்தல்

பௌத்தம் நம்முடைய பழைய வீடு என்று சொல்லும்போது நமக்கு ஒரு பெருமிதம் வருகிறது. வரவேண்டியதுதான். அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-லிருந்து 'தமிழன்' இதழை வாராவாரம் நடத்தினார். பறிபோன வீட்டின் பத்திரத்தைத் தேடி எடுக்கிற வேலை அது. அந்த வேலையை நாம் விட்டுவிட முடியாது.

ஆனால் பத்திரம் தேடுகிற அவசரத்தில் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் நம் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. நம் மேடைகளிலும் துண்டறிக்கைகளிலும் ஒரு வகைப் பேச்சு வளர்ந்திருக்கிறது. ராஜராஜ சோழன் நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளிக்கு ஊரையே எழுதிக் கொடுத்தான். பர்மா ராஜா தம்மசேதி ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவுக்கு உலகத்திலேயே பெரிய மணியை வார்த்துக் கொடுத்தான். பார், பௌத்தத்துக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை! இப்படிப் போகிறது அது. சைவப் புலவர்கள் செய்கிற காரியமும் இதுதானே? அவர்கள் கோயிலுக்குக் கொடுத்த ராஜாவைச் சொல்கிறார்கள், நாம் விகாரைக்குக் கொடுத்த ராஜாவைச் சொல்கிறோம். கொடுத்தவன் அதை யாரிடமிருந்து எடுத்தான் என்று ரெண்டு பேருமே கேட்பதில்லை.

அந்த மணியின் கதையை எடுத்துக்கொண்டு இதைப் பேசிப் பார்க்கலாம்.

1

தம்மசேதி பெகு நாட்டு மோன் அரசன். முதலில் துறவியாக இருந்து, ராணி ஷின் சாபுவுக்கு மருமகனாகி, அவளுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தவன். 1484-ல் அவன் செம்பு, ஈயம், வெள்ளி, தங்கம் கலந்து ஒரு மணி வார்த்து ஷ்வேடகோனுக்குக் கொடுத்தான். எடை 1,80,000 வீஸ் என்று பர்மிய மரபு சொல்கிறது. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 290 டன். இந்த 'வீஸ்' வேறெதுவும் இல்லை, நம் பாட்டிமார் புளியும் வெல்லமும் நிறுத்து வாங்கின அதே வீசைதான். தமிழ் வியாபாரிகளோடு கடல் தாண்டிப் போன சொல். 1583-ல் அங்கே போன வெனிஸ் நகரத்து ரத்தின வியாபாரி காஸ்பரோ பால்பி அந்த மணியைப் பார்த்திருக்கிறார். அதன்மேல் நிறைய எழுதியிருந்தது, தன்னால் படிக்க முடியவில்லை என்று குறித்திருக்கிறார்.

1608-ல் சிரியம் துறைமுகத்தைப் பிடித்து வைத்திருந்த போர்ச்சுக்கீசியன் பிலிப் டி பிரிட்டோ பீரங்கி வார்ப்பதற்காக அந்த மணியைக் கழற்றினான். குன்றிலிருந்து உருட்டி, யானை கட்டி இழுத்து, தெப்பத்தில் ஏற்றிக் கப்பலோடு பிணைத்துக் கொண்டுபோனான். பெகு ஆறும் ரங்கூன் ஆறும் சேருகிற இடத்தில் தெப்பம் உடைந்து மணி மூழ்கியது. 1613-ல் பர்மிய அரசன் அனவுக்பெட்லுன் சிரியத்தைப் பிடித்து டி பிரிட்டோவைக் கழுவேற்றினான். அன்றிலிருந்து எத்தனையோ பேர் முக்குளித்துத் தேடியும் மணி வெளியே வரவில்லை.

இந்தக் கதையை எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நானும் அப்படியேதான் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை இலக்கண வகுப்புக்குக் கொண்டுபோவோம். மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது கருத்தா இரண்டு வகை என்று சொல்லிக் கொடுப்பார்கள். கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்றால் அது ஏவுதற் கருத்தா. கொத்தனால் சுவர் கட்டப்பட்டது என்றால் இயற்றுதற் கருத்தா. ஏவினவனும் கருத்தா, மண் சுமந்தவனும் கருத்தா. தமிழ் இலக்கணம் இதிலே நேர்மையாகத்தான் இருக்கிறது. ரெண்டு பேருக்கும் இடம் வைத்திருக்கிறது. ஆனால் வரலாறு எழுதுகிறவன் கையில் போனதும் இயற்றுதற் கருத்தா காணாமல் போய்விடுகிறான். தம்மசேதி வார்த்தான், டி பிரிட்டோ உருட்டினான், அனவுக்பெட்லுன் பழிவாங்கினான். எல்லாமே ஏவுதற் கருத்தா. 290 டன் உலோகத்தைக் காய்ச்சி ஊற்ற எத்தனை உலை வேண்டும், துருத்தி ஊத எத்தனை பேர் வேண்டும், குன்றுமேல் ஏற்ற எத்தனை தோள் வேண்டும்? நல்ல ராஜா, கெட்ட வெள்ளைக்காரன் என்று ரெண்டு பாத்திரம் வைத்துக் கதையை முடித்துவிடுகிறோம். ஏற்றினவனும் கூலிக்காரன், உருட்டினவனும் கூலிக்காரன். அவன் நல்லவர் பட்டியலிலும் இல்லை, கெட்டவர் பட்டியலிலும் இல்லை.

2

தம்மசேதிக்கும் நமக்கும் இன்னொரு ஒட்டு இருக்கிறது. மணி வார்ப்பதற்கு எட்டு வருஷம் முன்னால், 1476-ல், அவன் 22 தேரர்களை அவர்களுடைய சீடர்களோடு இலங்கைக்கு அனுப்பினான். களனி ஆற்றில் முறைப்படி உபசம்பதை பெற்று வரத்தான். திரும்பி வரும்போது ஒரு கப்பல் உடைந்துபோக, தப்பித்தவர்கள் கால்நடையாக நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார்கள். அங்கே பதரிகாராமம் என்ற பழைய பள்ளி இருந்த இடத்தைப் பார்த்தார்கள். கடற்கரையில் சீன அரசன் அமைத்த குகையில் இருந்த புத்தர் உருவை வணங்கினார்கள். பெகுவில் தம்மசேதி நட்ட கல்யாணிக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டுக் கடைசியிலும் தமிழ்நாட்டுக் கரையில் புத்தர் கும்பிடப்பட்டார் என்பதற்கு இது பெரிய சாட்சி. இதை நாம் ஊர் ஊராய்ச் சொல்லத்தான் வேண்டும்.

அதே நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்குத்தான் ராஜராஜன் தன் 21-ம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். கட்டியவன் ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன். கொடுத்ததை ராஜேந்திரன் செப்பேட்டில் எழுதினான். டச்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போன அந்த ஏடுகள் 1862-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் அதற்கு லைடன் செப்பேடு என்று பேர். விகாரைக்குப் போய்ச் சேரவேண்டிய நெல் 8,943 கலமும் சொச்சமும். நாழி வரைக்கும் கணக்கு உண்டு. நிலத்தின் எல்லையைப் பெண் யானையை நடத்திக் காட்டினார்கள். யானை நடந்தது எழுதியிருக்கிறது. அந்த 8,943 கலத்தை நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்து, தூற்றிக் கொடுத்தவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

அதற்கு அதே ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்குப் போகவேண்டும். ஊர்களைக் கோயிலுக்கு எழுதும்போது வரி கிடையாத இடங்களைக் கழித்துக் காட்டுகிறார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. நாம் அங்கேதான் இருக்கிறோம், கழித்தல் கணக்கில். பறைச்சேரிக்குப் பக்கத்தில் கம்மாணசேரி இருப்பதையும் கவனிக்க வேண்டும். உலை வைத்து உலோகம் உருக்குகிற கம்மாளனின் குடியிருப்பு அது. மணியை வார்த்தவன், மணி கட்டின கோயிலுக்கு நெல் விளைவித்தவன், ரெண்டு பேருடைய குடியிருப்பும் சுடுகாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அந்தக் கல்வெட்டுகளிலேயே வருகிறது. விகாரைக்கு ஊர் கொடுத்த கையும் இதைப் பொறித்த கையும் ஒரே கைதான்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்தது. தமிழ்நாட்டில் சூடாமணி விகாரை என்றால் முக்கால்வாசிப் பேருக்கு இந்த நாவல்தான் தெரியும். காய்ச்சலில் கிடக்கிற இளவரசனுக்குப் பிக்ஷுக்கள் அங்கே வைத்தியம் பார்க்கிறார்கள். கடல் பொங்கி வந்தபோது தலைமைப் பிக்ஷுவை இளவரசன் காப்பாற்றுகிறான். கல்கி பௌத்தத்தைக் கேவலப்படுத்தவில்லை, மரியாதையாகத்தான் எழுதுகிறார். சிக்கலே அந்த மரியாதையில்தான் இருக்கிறது. நாவலில் பௌத்தம் சோழ இளவரசனின் பெருந்தன்மையைக் காட்டுவதற்கான மேடை. சைவனாகப் பிறந்தும் பௌத்தரைக் காப்பாற்றினான், எவ்வளவு பெரிய மனசு என்று வாசகர் உருகவேண்டும். பௌத்தத்துக்கென்று ஒரு கேள்வி, பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டா என்ற அந்தக் கேள்வி, நாவலின் கதையை எங்கேயும் அசைக்கவில்லை. மரியாதை கொடுத்துக் கேள்வியைப் பிடுங்கிக்கொள்வது ஆதிக்கத்தின் பழைய வித்தை. நாமும் அதே ராஜாவை எடுத்துக்கொண்டுபோய் நம் மேடையில் நிறுத்தினால், கல்கி விட்ட இடத்திலிருந்து அவர் வேலையைத்தான் தொடர்கிறோம்.

அந்த விகாரையின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867-ல் ஜேசு சபையார் அரசாங்க அனுமதியோடு இடித்தார்கள். நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து முந்நூறுக்கு மேல் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதிலே ஒன்றின் பீடத்தில் 'அக்கசாலைப் பெரும்பள்ளி' என்று ஒரு பெயர் இருக்கிறது. அக்கசாலை என்றால் பொன் வேலை செய்கிறவர். ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி என்று ராஜாக்கள் பேரில் பள்ளிகள் இருந்த ஊரில், உலைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவன் பேரிலும் ஒரு பள்ளி. நாம் தேடவேண்டிய பத்திரம் இந்த மாதிரிதான் இருக்கும், சின்னதாக, பீடத்து ஓரத்தில்.

3

இனிச் சொல்லப்போவது நம் தோழர்கள் சிலருக்குக் கசக்கலாம். பர்மாவில் ராஜாக்கள் பகோடாவுக்கு மணி மட்டும் கொடுக்கவில்லை. மனுஷரையும் கொடுத்தார்கள்.

'பயா க்யுன்' என்று பர்மியத்தில் சொல்வார்கள். பகோடா அடிமை. போரில் பிடிபட்டவர்கள், கடன்பட்டவர்கள், தண்டனை பெற்றவர்கள் எனப் பலரையும் பகோடாவுக்கு எழுதிவைத்தார்கள். எழுதிவைத்தால் அவர் மட்டுமல்ல, அவர் பிள்ளை, பேரப்பிள்ளை எல்லாமே பகோடாவுக்குத்தான். பெருக்குவது, துடைப்பது, பூவும் மெழுகுவர்த்தியும் விற்பது அவர்கள் வேலை. புத்தருக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆனால் வெளியே இருக்கிறவர் அவர்களோடு சம்பந்தம் செய்யமாட்டார், ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடமாட்டார். ஷ்வே யோ என்ற புனைபெயரில் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட் 1882-ல் எழுதிய பர்மியர் பற்றிய புத்தகம் இவர்களைத் தீண்டப்படாதவர்களாகவே காட்டுகிறது. பிணம் புதைக்கிறவர்களுக்கு அங்கே இருந்த பெயர் 'சந்தாளா'. அந்தச் சொல் எங்கிருந்து கப்பலேறியது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் வீசையும் போனது, அவர்கள் சண்டாளனும் போனது.

இன்னும் பின்னால் போனால் பகான் கல்வெட்டுகள். பள்ளிக்கும் பகோடாவுக்கும் கொடுத்த அடிமைகளைப் பேர் பேராய்ப் பட்டியல் போடுகின்றன. 'குலா' என்று குறித்த இந்தியர்களும் அதில் இருக்கிறார்கள். தஞ்சையில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து, இன்ன தெரு, இன்ன வீடு, இன்ன பேர் என்று கல்லில் வெட்டினான் அல்லவா, அதே கை எழுத்து. ஏழைகளின் பெயரைக் கல்வெட்டு எப்போது ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்றால், அவர்களைச் சொத்தாகக் கணக்கெடுக்கும்போது.

அப்படியானால் பௌத்தமும் ஒன்றுதான், இந்து மதமும் ஒன்றுதான் என்று சிலர் கைதட்டிச் சிரிக்கலாம். அதற்கு நாம் இடம் கொடுக்கத் தேவையில்லை. சாதியை வேதத்தின் பேராலும் தெய்வத்தின் பேராலும் நியாயப்படுத்தினது ஒரு மரபு. பிறப்பால் ஒருவன் இழிந்தவனில்லை என்று சொன்ன பகவன் பேரைச் சொல்லிக்கொண்டே, அவர் வாசலில் அடிமையை நிறுத்தினது ராஜாக்கள் செய்த துரோகம். முதலாவதில் தர்மமே கேடு. இரண்டாவதில் தர்மத்துக்குக் கேடு. வித்தியாசம் உண்டு. ஆனால் துரோகத்தைத் துரோகம் என்று சொல்கிற வாய் நமக்கு இருந்தால்தான் அந்த வித்தியாசத்தை நிரூபிக்க முடியும். ராஜா கொடுத்த மணியைக் கொண்டாடிவிட்டு, ராஜா கொடுத்த அடிமையை மறைத்தால், பகோடா அடிமைக்கு நாமும் இன்னொரு ஏவுதற் கருத்தாதான்.

அம்பேத்கர் 1954 டிசம்பரில் ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்குப் போனார். அவர் மறைவுக்குப் பிறகு 1957-ல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் பிக்குவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார். புத்தர் பிக்குவை உண்டாக்கியது தன்னளவில் நிறைவான மனிதனாக இருக்கவா, சமூகத் தொண்டனாக இருக்கவா? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்தான் பௌத்தத்துக்குள் போனார். கேள்வியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை.

4

நம் இலக்கியத்திலும் ஒரு ராஜமணி உண்டு. திருவாரூர் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி. கன்றைத் தேர்க்காலில் பறிகொடுத்த பசு மணியை அசைக்கிறது, அரசன் மகனைத் தேர்க்காலில் இடுகிறான். சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே இதை வைத்திருக்கிறார். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் உண்டு.

இந்தக் கதை பாலியில் எழுதிய பௌத்த நூலான மகாவம்சத்திலும் இருக்கிறது. அங்கே மணி கட்டினவன் அனுராதபுரத்தை ஆண்ட தமிழன் எல்லாளன். பசு வருகிறது, கன்று வருகிறது. பாம்பு குஞ்சைத் தின்றதால் ஒரு பறவையும் வந்து மணியடிக்கிறது. அதற்கப்புறம் ஒரு கிழவி வருகிறாள். காயப்போட்ட அரிசி காலமில்லாமல் பெய்த மழையில் நனைந்துபோச்சுன்னு மணியடிக்கிறாள். அரசன் பட்டினி கிடக்கிறான், மழை இரவில் மட்டும் பெய்ய வழி பிறக்கிறது.

எனக்கு இந்தக் கிழவிதான் முக்கியம். மகாவம்சம் நமக்குச் சிநேகமான நூல் இல்லை. எல்லாளனைக் கொல்வதற்காகவே அவனை உயர்த்துகிற நூல். ஆனாலும் அதிலே அரிசி காயப்போட்டுப் பிழைக்கிற ஒரு பொம்பளை ராஜா வீட்டுக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறாள். பெரியபுராணத்தில் அந்தக் கயிறு பசுவுக்குத்தான் எட்டுகிறது.

அதே பெரியபுராணத்தில் ஆதனூர்ப் புலைப்பாடியில் நந்தன் இருக்கிறான். கோயில் முரசுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறான். கோயிலில் எழும்புகிற சத்தத்தில் பாதி அவன் கொடுத்தது. அவன் உள்ளே போகமுடியாது. பசுவின் கன்று செத்தால் ராஜகுமாரன் சாகிறான். அந்தப் பசுவே செத்தால் தூக்கிப்போய் உரிக்க நந்தன் வேண்டும், உரித்ததற்காகவே அவன் வெளியே நிற்கவேண்டும். கடைசியில் தீயில் இறங்கி, பூணூலோடு வெளியே வந்தால்தான் தில்லையில் இடம். ரெண்டு கதையும் ஒரே அட்டைக்குள் இருக்கிறது. மனுநீதியை ஒரு வகுப்பிலும் நந்தனை இன்னொரு வகுப்பிலும் நடத்துகிறவரை இந்த முரண் மாணவனுக்குத் தெரியாது. ரெண்டையும் ஒரே நாளில் நடத்திப் பாருங்கள்.

5

பர்மிய மணிக்கும் நம் கோயில் மணிக்கும் ஒரு வேறுபாடு. அவர்கள் மணிக்கு நாக்கு கிடையாது. உள்ளே எதுவும் தொங்காது. வெளியே நின்று கட்டையாலோ மான்கொம்பாலோ தட்டவேண்டும். புண்ணியம் செய்தவர் மணியைத் தட்டி, அந்தப் புண்ணியத்தில் எல்லா உயிருக்கும் பங்கு என்று அறிவிப்பது வழக்கம். அழகான வழக்கம்தான். ஆனால் 'எல்லா உயிர்' என்று சொல்லி மணியைத் தட்டின காலடியில் துடைப்பத்தோடு நின்ற அடிமைக்கு அந்தப் பங்கு வந்து சேரவில்லை. நாக்கில்லாத மணி தட்டினவன் சொன்னதைத்தான் சொல்லும்.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிராக ஒரு சுலபமான வாய்ப்பாடு வைத்திருக்கிறோம்: மணி அவர்கள் ஓசை, பறை நம் ஓசை. இதுவும் பாதி உண்மைதான். ஊர் சாவுக்குக் கூலியில்லாமல் அடி என்று திணிக்கப்பட்ட பறையும் இருந்தது. அடிக்கமாட்டோம் என்று சேரி மறுத்த போராட்டமும் நடந்தது. நாமாக எடுத்து நம் மேடையில் அடிக்கிற பறையும் இருக்கிறது. தோல் ஒன்றுதான், யார் ஏவி அடிக்கிறோம் என்பதில்தான் விஷயம். ஏவுதலும் இயற்றுதலும் ஒரே ஆளிடம் வந்து சேருகிற இடம்தான் விடுதலை.

மணிக்கும் அப்படி ஒரு சம்பவம் உண்டு. 1779-ல் சிங்கு அரசன் ஷ்வேடகோனுக்கு இன்னொரு மணி கொடுத்தான். முந்தினதைவிட ரொம்பச் சின்னது, இருபது டன்னுக்குக் கொஞ்சம் மேல். 1824-ல் கம்பெனி பர்மாமேல் படையெடுத்தது. வங்காளச் சிப்பாய்கள் பாரக்பூரில் போகமாட்டோம் என்று நின்று சுடப்பட்டார்கள். சென்னைப் பட்டாளங்கள் ஏராளமாகக் கப்பலேறின. எங்க வாலாஜாபாத் அந்தச் சென்னைப் படையின் தண்டு ஊர்களில் ஒன்று. வேலூர்க் கலகம் நடந்த 1806-ல் தலைப்பாகைத் தகராறு இங்கேயும் புகைந்தது. பறையர்கள் சிப்பாய்களாகவும் பட்டாளத்து வேலையாட்களாகவும் இருந்த படை அது. 1825-ல் வெள்ளைக்காரர்கள் சிங்கு மணியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக ஏற்றினார்கள். அதுவும் ஆற்றில் விழுந்தது. பொறியியல் படித்த துரைமார்களால் எடுக்க முடியவில்லை. பிறகு பர்மிய ஜனங்கள் முக்குளித்துப் போய், மணிக்கு அடியில் மூங்கிலைக் கட்டுக்கட்டாகச் செருகி மிதக்கவிட்டு மேலே கொண்டுவந்தார்கள். ஷ்வேடகோனில் அந்த மணி தொங்குவது ராஜா கொடுத்ததனால் இல்லை, மூங்கில் கட்டினவர்கள் எடுத்ததனால். ராஜா தானம் பண்ணின மணி அன்றைக்குத்தான் ஜனங்களுடைய மணி ஆனது.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கரோடு லட்சக்கணக்கான பேர் பௌத்தம் தழுவினார்கள். அங்கே எந்த ராஜாவும் மணி கொடுக்கவில்லை, ஊர் எழுதிவைக்கவில்லை, அடிமை கொடுக்கவில்லை. நடந்தும் ரயிலேறியும் வந்த கூலிக்காரர்கள் தங்கள் வாயாலேயே 22 உறுதிமொழிகளைச் சொன்னார்கள். பௌத்த வரலாற்றில் இதற்கு இணையான தானம் எதுவும் இல்லை. கொடுத்தவரும் பெற்றவரும் அவர்களேதான்.

காஞ்சிபுரத்தைச் சுற்றி இன்றைக்கும் புத்தர்கள் இருக்கிறார்கள். காமாட்சி கோயிலிலிருந்து 1915-ல் கோபிநாதராவ் வெளிக்கொணர்ந்தவர் சென்னை அருங்காட்சியகம் போனார். கச்சபேஸ்வரர் கோயில் கல்லில் சிலர் இருக்கிறார்கள். கணிகிலுப்பையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நம் மாணவர்கள் போய்ப் படம் எடுக்கிறார்கள், அளவு எடுக்கிறார்கள், எந்த நூற்றாண்டு, எந்த ராஜா காலம் என்று குறிக்கிறார்கள். நல்ல வேலை. அதோடு இன்னொரு பத்தியும் சேர்த்து எழுதுங்கள்: அந்தப் புத்தரிலிருந்து சேரி எத்தனை தூரம், அந்த ஊர்க் கல்வெட்டில் கழிக்கப்பட்ட இடங்கள் எவை, இன்றைக்கு அந்தச் சிலைக்குப் பக்கத்தில் போக யாருக்குப் பாதை இருக்கிறது, யாருக்கு இல்லை. ராஜாவின் பேரை எழுதுகிற கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டு, இயற்றுதற் கருத்தா என்று தலைப்பு வையுங்கள். அதை நிரப்புகிற வேலை நம்முடையது. வேறு யாரும் செய்யமாட்டார்கள்.